வலது கதவின் இரண்டு வயர்கள்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்க்கலாம். இரண்டு பேர் ஓர் அறையின் இரண்டு மூலைகளில் நின்று பாடுகிறார்கள். ஒரே பாட்டு, ஒரே சுருதி, ஒரே தாளம், இம்மி பிசகவில்லை. இருவர் குரலிலும் குறை இல்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்து கேட்கிறவருக்குப் பாட்டு பாதிதான் வந்து சேர்கிறது. ஒருவரை நிறுத்தச் சொன்னால் முழுசாக வருகிறது. இருவரும் சேர்ந்து பாடினால் மறுபடி பாதி. அது ஏன்? அவசரமில்லை, யோசித்துக்கொண்டே கேளுங்கள். இதற்கு விடை தெரிந்தவன் ஒருவன் ஈரோட்டில் இருந்தான். பெயர் சென்னியப்பன், வயது நாற்பத்தாறு. பெருந்துறை சாலையில் டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அவன் கடை. காரோடு கம்பெனியிலிருந்து வருகிற ஸ்டீரியோவையும் காகிதத் தட்டு ஸ்பீக்கர்களையும் கழற்றிவிட்டு, நல்ல ஸ்டீரியோ, நல்ல ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் அவற்றுக்குப் பலம் கொடுக்க ஓர் ஆம்ப்ளிஃபயர் என்று வைத்துக் கொடுப்பான். கோபியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும்கூட அவனைத் தேடி வண்டிகள் வரும். அன்றைக்குச் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. வேலைக்கு இருந்த இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒரு வெள்ளைக் காரின் வலது முன்கதவு, உள்பக்க அட்டை கழற்றப்பட்டு, வெறும் தகரமாக நின்றது. அதன் முன்னால் சென்னியப்பன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையில் இரண்டு வயர்கள். இரண்டும் பிரௌன், ஒன்றில் மட்டும் வெள்ளைக் கோடு. ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு தகடுகள், அகலமானது பிளஸ், ஒடுங்கினது மைனஸ். கோடு போட்டது அகலத்துக்குப் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொருகுகிற வேலை. பத்து நிமிஷமாக அவன் சொருகவில்லை.

காரணம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் உட்காரும் அறையில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அறுபத்து நாலு வயது, வெள்ளைச் சட்டை, மை பூசிய மீசை. மீசைக்கு மட்டும் ஏன் மை, தலையை அப்படியே விட்டுவிட்டு. காலையில் அந்த ஆள் காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்திய விதத்திலேயே சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்து அல்ல. கதவைச் சாத்திவிட்டு, கையை உதறி, வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார். மேடையில் ஏறுகிறவன், கூட்டம் எவ்வளவு என்று அளக்கிற பார்வை. நாச்சிமுத்து. தேனமுது இன்னிசைக் குழுவை நடத்தி, அதில் பாடியும் வந்த நாச்சிமுத்து. அவர் நேராக வந்து, "ஏனுங் தம்பி, காதுக்காரர்னு சொன்னாங்களே, அது நீங்கதானாக்கும்?" என்றார். தம்பி. வாங்க போங்க. தெரியவில்லை. கொஞ்சமும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒருவன் ஒரு முகத்தைத் தூக்கிக்கொண்டே திரிகிறான், அந்த முகத்துக்கு இவன் யாரென்றே ஞாபகம் இல்லை. "கம்பெனி போட்டுக் குடுத்த டப்பாவுல குரலே எழும்ப மாட்டேங்குதுங்க. பாடறவன் கெணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்குது. கடைசியில நானே கூடப் பாடி ஒப்பேத்திக்கிட்டுத் திரியறனுங்க," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு கரகரவென்று பாதியில் நின்று இருமலானது. குரல் போய்விட்டிருந்தது. தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று தானாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற பேத்தி, ஒன்பது வயதிருக்கும், கனிஷ்கா என்று பெயர், "அப்புச்சி, அதிகமாப் பேசாதீங்க," என்றாள். மகள் வயிற்றுப் பேத்தி போல. அவர் அவள் தலையைத் தட்டிவிட்டு, "குரல், தம்பி. எனக்குக் குரல்தான் முக்கியம். பாடறவன் கண்ணாடிக்கு முன்னால நடுவாப்புல வந்து நின்னு பாடோணும்," என்றார். நடுவில். அந்த வார்த்தையை அவரே சொன்னார். யாரும் அவர் வாயிலிருந்து பிடுங்கவில்லை.

நடுவில்தான் எல்லாம் நடந்தது. கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழா, சாயங்காலம் ஏழு மணி, மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள். சென்னியப்பனுக்கு வயது இருபத்து நாலு. குழுவில் சேர்ந்து மூன்றாவது மாதம், மிக்சரில் அவன்தான். மிக்சர் என்றால் எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்து ஒன்றாக்கி வெளியே அனுப்புகிற பெட்டி. மிக்சரைக் கூட்டத்துக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று கேட்டான். அங்கே பெரிய மனிதர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று நாச்சிமுத்து அவனை மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். கச்சேரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாட்டு வண்டி வலது பெட்டியின் வயரை இழுத்து அறுத்துவிட்டது. அதை முறுக்கிச் சேர்த்தது நாச்சிமுத்து. கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார், பார்த்தான். பார்த்தானா? பார்த்தான். பல்லில் டேப், மீசையில் வியர்வை, அப்போது மீசைக்கு மை தேவைப்படவில்லை. பார்த்தேன், பார்த்தேன். முதல் பாட்டிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கையை ஆட்டினார்கள், குரல் கேட்கவில்லை என்று. அவன் ஓடிப்போய் நடுவில் நின்று கேட்டான். ஒரு நொடிதான், புரிந்துவிட்டது. விடுகதைக்கு விடை அன்றைக்குத்தான் அவனுக்குக் கிடைத்தது. மேடை ஓரத்துக்கு ஓடி, "அண்ணா, வலது பொட்டிக்கு வயர் மாறிக் கெடக்குது, ரெண்டே நிமிஷம் குடுங்ணா," என்றான். நாச்சிமுத்து அவனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "பொரிக்காரன் மவன்கிட்ட மிக்சரக் குடுத்தா இப்படித்தானுங்க. பாட்டைப் போட்டு வறுத்துட்டான்! காதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே?" சிரிப்பு. மைதானம் முழுக்கச் சிரிப்பு, இரண்டு பெட்டியிலும் அவர் குரல், அதற்கு மேல் சிரிப்பு. அவனை எழுப்பிவிட்டு வேறொருவனை உட்கார வைத்தார்கள். புதிதாக உட்கார்ந்தவன் பயந்துபோய் வலது பெட்டியை நிறுத்திவிட்டான். உடனே நடுவில் குரல் முழுசாக வந்துவிட்டது. "பாத்தீங்களா, அவன் எந்திரிச்சான், பாட்டு சரியாப் போச்சு!" கைதட்டல். சென்னியப்பன் திரும்பினான். கூட்டத்தின் கடைசியில், ராட்டினத்துக்குப் பக்கத்தில், பொரிக் கூடையை இடுப்பில் அணைத்தபடி அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். மகன் மிக்சரில் உட்கார்வதைப் பார்க்க, வியாபாரத்தையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அதுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்: வயர் மாறிவிட்டது அப்பா, ஸ்பீக்கரின் தட்டு முன்னால் வந்து காற்றைத் தள்ளும், பின்னால் போய் இழுக்கும், வயர் மாறினால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், தள்ளியதும் இழுத்ததும் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும், அவ்வளவுதான், என் காதில் குறை இல்லை. இதோ இதுதான் விடுகதையின் விடை, நீங்களும் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அப்பா கண்டுபிடிக்கவில்லை, அவரிடம் யாரும் போடவும் இல்லை. அதற்குப் பிறகு தெருவில் "பொரீ, பொரீ" என்று கூவுவதை நிறுத்திவிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு சும்மா நடந்தார். கண்டவர்கள் கூப்பிட்டு வாங்கினார்கள். ஏனென்றால் பொரி என்ற சொல் இப்போது மகனுடைய பெயராகிவிட்டது. என்ன பொரி, எங்க போற. பொரி, காது கேக்குதா. எந்தக் குழுவும் அவனை எடுக்கவில்லை. அப்பா செத்தபோதுகூடத் தூக்கினவர்களில் ஒருவன், பொரியைக் கூப்பிடுங்கடா, கொள்ளி வைக்கணும், என்றான்; அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். அதெல்லாம் போகட்டும். அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக, எந்தப் பாட்டைக் கேட்டு நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும், கூடவே ஒரு பூச்சி போல இன்னொன்றும் வரும்: நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, இல்லை உனக்குத்தான் காது இல்லையா. இன்றைக்கு ஊரே காதுக்காரன் என்கிறது, இன்றைக்கும் வரும். அந்தப் பூச்சியை அந்த ஆளின் காதுக்குள் விட வேண்டும். அதற்கு இந்த இரண்டு வயர் போதும். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், நான்தான் அந்தப் பொரி என்று வசனம் பேச வேண்டாம். கோடு போட்டதை ஒடுங்கின தகட்டில் சொருகிவிட்டு, அட்டையை மாட்டி, ஒன்பது கிளிப்பையும் தட்டிவிட்டால் முடிந்தது. புது ஸ்பீக்கர், புது ஆம்ப்ளிஃபயர், எல்லாம் பளபளவென்று இருக்கும். பாட்டைப் போடுவார். பாடகன் நடுவில் நிற்க மாட்டான். சத்தத்தைக் கூட்டுவார், நிற்க மாட்டான். சீட்டை முன்னால் நகர்த்துவார், பின்னால் நகர்த்துவார், கண்ணாடியை ஏற்றுவார், நிற்க மாட்டான். ஊரே மெச்சுகிற கடையில் போட்டது, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன்? ஒரு நாள், ஏதாவது ஒரு சிக்னலில் நிற்கும்போது, அந்த எண்ணம் அவருக்கு வரும். குரல் போனது. காதும் போய்விட்டதோ. வரட்டும். ராத்திரி பகல் பார்க்காமல் வரட்டும். வெறும் வயிற்றில் மிளகாயைக் கடித்தது போல இனிப்பாக எரிந்தது சென்னியப்பனுக்கு.

பிறகு எண்ணம் இடறியது. வேறு கடைக்குக் கொண்டுபோனால்? அங்கே ஒருவன் அட்டையைக் கழற்றுவான், பார்ப்பான், ஈரோட்டு சென்னியப்பன் மாட்டினதா இது, பிளஸ் மைனஸ் தெரியாதா அந்த ஆளுக்கு, என்பான். சிரிப்பான். மறுபடி சிரிப்பு. பதினெட்டு வருஷத்தில் இந்தக் கடையிலிருந்து வயர் மாறி ஒரு வண்டி வெளியே போனதில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மாட்டும் முன்னால் ஒரு சின்ன பேட்டரியை வயரில் தொட்டுப் பார்ப்பான். தட்டு முன்னால் குதித்தால் சரி, பின்னால் போனால் மாறியிருக்கிறது. மற்ற கடைக்காரர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள், சென்னியப்பன் ஸ்பீக்கருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவான் என்று. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருக்க, அந்த ஆளைப் பழிவாங்க அந்த ஆள் செய்த அதே தப்பை நானே என் கையால் செய்வதா? செய்தால் என்ன? அவர் தெரியாமல் செய்தார், நான் தெரிந்து செய்கிறேன், எது பெரிது? தெரியாமல்தான் செய்தாரா? மைக்கைத் தூக்கும் முன்னால் என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையில் இருந்ததே, தான் முறுக்கிய வயர் என்று தெரிந்த பார்வை. இருந்ததா? அவர் முறுக்கினாரா? டேப்பைக் கடித்தது அவர் பல்லா, என் பல்லா? அன்று என்னிடம் கறுப்பு டேப் இருந்ததா? இருந்தது என்றால்... இல்லை. இல்லை. கோடு போட்ட வயரை அவன் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததில் கட்டைவிரலில் பள்ளம் விழுந்துவிட்டது.

"மாமா, தூங்கிட்டீங்களா?" கனிஷ்கா எப்போது காருக்குள் ஏறினாள் என்று தெரியவில்லை. பின்சீட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டியிருந்தாள். "தூங்கறது உங்க அப்புச்சி, அம்மிணி. நான் யோசிச்சிட்டு இருக்கறேன்." "என்ன யோசனை?" என்ன சொல்ல. விடுகதையைப் போட்டான், இரண்டு பேர், இரண்டு மூலை, ஒரே பாட்டு, நடுவில் பாதி. அவள் கன்னத்தைச் சீட்டில் வைத்து யோசித்தாள். "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றாள். "ஒரு மாதிரி அப்படித்தான்." "அப்ப ஒருத்தர் நிறுத்திக்கலாமில்ல?" "அது எப்படி நிறுத்துவான், அவனும் பாடத்தானே வந்தான்?" என்றான், கொஞ்சம் சத்தமாகவே. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்தது. அந்தக் கழுத்தில் ஒரு தழும்பு. வாய் திறந்து கிடக்கிறது. அந்த வாய்தான். இரக்கப்படாதே, தூங்குகிறவன் எல்லாருமே பாவமாகத்தான் இருப்பான். அப்போதுதான் சென்னியப்பனுக்கு அந்த ஏற்பாடு தோன்றியது. இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டுவது. இவள் எது நன்றாக இருக்கிறது என்கிறாளோ, அப்படியே அட்டையை மூடிவிடுவது. சரியானதைச் சொன்னால் அந்த ஆள் பேத்தியால் பிழைத்தார். மாறினதைச் சொன்னால், அந்த ஆளின் ரத்தமே அந்த ஆளுக்குத் தீர்ப்பு எழுதியது, என் கை சுத்தம். பாடகன் பேத்தி, காது இருக்கும் என்கிறாயா? பார்க்கலாம். காது என்று ஒன்று இருந்தால்தானே? அவர் சொன்னதை அவர் குடும்பத்திலேயே சோதித்துப் பார்க்கிற சந்தோஷத்தில் அவன் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

முதலில் சரியாகச் சொருகினான். கோடு அகலத்துக்கு. பேட்டரியைத் தொட்டான், தட்டு முன்னால் குதித்தது. ஸ்டீரியோவில் நாச்சிமுத்துவின் பென் டிரைவ் இருந்தது. ஒரு பழைய ஆண் குரல் பாட்டு, தபேலாவும் புல்லாங்குழலும். பாடகன் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றான். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கனிஷ்கா கையை நீட்டி, காற்றில் அந்த ஆள் நிற்கிற இடத்தைத் தொடுவது போல விரலை வைத்தாள். மிகச் சரியான இடம். காது இருக்கிறது. இவளுக்குக் காது இருக்கிறது, போச்சு, என்று நினைத்தான். பாட்டை நிறுத்தினான். வயர்களை உருவி மாற்றிச் சொருகினான். இந்த முறை பேட்டரியால் தொட்டுப் பார்க்கவில்லை. மறுபடி அதே பாட்டு. தபேலாவின் கனம் வடிந்துவிட்டது, பாடகன் எங்கோ கதவுகளுக்கு வெளியே போய்விட்டான், நடுவில் ஒரு பள்ளம். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே பள்ளம். கனிஷ்கா புருவத்தைச் சுருக்கினாள். "பாடறவரு தள்ளிப் போயிட்டாரு, மாமா." "ஆமா." "அவரு இருந்த இடம் சும்மாக் கெடக்குது." "ஆமா, அம்மிணி." "அப்ப இதுல அப்புச்சி பாடுனாக் கேக்குமா?" அவனுக்குப் புரியவில்லை. "பழைய டப்பாவுல பாட்டு சரியாக் கேக்காது, அதனால அப்புச்சியே பாடிட்டு வருவாரு. ஸ்கூலுக்குப் போறப்ப. மெதுவாத்தான் பாடுவாரு. வீட்டுல பாட மாட்டாரு, கேட்டாலும் பாட மாட்டாரு, குரல் அசிங்கமா இருக்குதுன்னு சொல்லுவாரு. கார்ல மட்டும்தான். மொதல்ல போட்டீங்கல்ல, அதுல அந்த ஆளு அவ்ளோ நல்லாப் பாடறாரு. அப்புச்சி வாயே தெறக்க மாட்டாரு." பேக்கரியில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். உள்ளே நாச்சிமுத்து அசைந்தார். சென்னியப்பன் அவரைப் பார்த்தான், திறந்த கதவைப் பார்த்தான். தகரத்தின் ஓட்டைக்குள் இரண்டு பிரௌன் வயர்கள், ஒன்றில் கோடு, ஒடுங்கின தகட்டில் அது. இந்தப் பள்ளத்தில் அந்த ஆள் தன் குரலையே நிரப்பிக்கொண்டால், அவர் காதுக்குள் விட நினைத்த அந்தப் பூச்சி எங்கே போகும் என்று நினைத்தான். சொன்ன சொல் சொன்ன சொல்தான், தனக்குத்தானே சொல்லிக்கொண்டதானாலும். "ரெண்டுல எது வேணும்? யோசிச்சுச் சொல்லு. மூடிட்டா மூடினதுதான்." கனிஷ்கா யோசித்தாள். இரண்டாவது வேண்டும் என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அப்புச்சியை எழுப்பப் போனாள்.